அப்பாவின் கண்ணுக்குள் காற்று

எங்கள் அப்பாவின் கண்ணுக்குள் கேஸ் இருக்கிறது என்று மூன்றாம் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தது நான்தான். ஒருவரும் நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மட்டும், அப்படியானால் அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று அக்கறையாகக் கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. எனக்குத் தெரிந்த கேஸ் ஒன்றே ஒன்றுதான், சமையலறை மூலையில் நிற்கும் கேஸ் தோங், அந்த இரும்பு உருளை. அதனால் அப்பா பக்கத்தில் இருக்கும்போது அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம் என்று அம்மாவை எச்சரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்த மாதம் எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் கொஞ்சம் பஞ்சம்.

வீடு புக்கிட் செந்தோசாவில். அப்பாவின் முடிவெட்டும் கடை பத்தாங் காலியில். அப்பாவுக்கு இரண்டு கண் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் ஒன்றரைகூட இல்லை. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் சின்னப் பையனாக இருந்தபோது செம்பனை மட்டையின் முள் இடது கண்ணில் குத்தி, அது வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் சொல்லும் கண்ணாகிவிட்டது. மீதி வேலை எல்லாம் வலது கண்தான் பார்த்தது. அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு எத்தனையோ பேருடைய கழுத்தில் சவரக் கத்தியை ஓட்டியிருக்கிறார். வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்பதைத் தொழில் நுணுக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்பா பேசுகிற ஆளும் இல்லை. கடையில் நாள் முழுக்க அவர் வாயிலிருந்து வருவது, "தலையைக் கொஞ்சம் குனிங்க" என்ற ஒரே வாக்கியம். வீட்டில் அதுவும் கிடையாது. நான் அவரைப் பார்த்துப் பயந்தேன் என்று சொல்ல முடியாது. அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் கண்ணுக்குள் முடி விழுந்தது. கறுப்புக் கறுப்பாய்த் துண்டு முடிகள் கண் முன்னால் மிதந்தன. முடிவெட்டுகிறவர் வேறு என்ன நினைப்பார்? வாடிக்கையாளர் தலை முடிதான் தெறித்து உள்ளே போய்விட்டது என்று குழாயடியில் நின்று கண்ணைக் கழுவினார். இரண்டு நாள் கழுவினார். துண்டால் துடைத்தார், ஊதச் சொன்னார், அம்மாவும் ஊதினாள். மூன்றாம் நாள் நாற்காலியில் இருந்தவரின் தலையில் ஒரு பக்கத்தைக் காணோம். கறுப்புத் திரை ஒன்று ஓரத்திலிருந்து இறங்கிப் பாதித் தலையை மறைத்திருந்தது. அப்பா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, பாதி வெட்டிய தலையோடு அந்த மனிதரை எதிர்க்கடைக்கு அனுப்பினாராம். அதை அவர் கடைசிவரை அவமானமாகவே நினைத்தார்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். சுவரில் ஒட்டிய தாள் ஈரத்தில் உரிந்து தொங்குமே, அப்படி. அதை மறுபடி ஒட்டி, அது காயும்வரை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பினார்கள். காற்று எப்போதும் மேலே போகும். கண்ணின் பின்சுவரை அது தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றால் ஆள் தரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். உட்கார்ந்தாலும் சாப்பிட்டாலும் தூங்கினாலும் பத்து நாளைக்கு முகம் கீழே. ஊரெல்லாம் தலையைக் குனியவைத்த மனிதருக்கு டாக்டர் கொடுத்த கட்டளை இது.

வீட்டில் இரண்டு சோபாக்களை நெருக்கிப் போட்டு, நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டார்கள். அப்பா குப்புறப் படுத்து, நெற்றிக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முகத்தை அந்த இடைவெளியில் நுழைத்துக்கொண்டார். காவலுக்கு நான். அவர் தூக்கத்தில் புரண்டால் அம்மாவைக் கூப்பிட வேண்டும்.

இரண்டாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தேன். லோரிக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக் மாதிரி. நேர் மேலே அப்பாவின் முகம் தொங்கியது. கண் சிவந்து வீங்கியிருந்தது. அவருக்கு எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் கலங்கல்தான்.

"யாரு, பாப்பாவா? கிட்ட வா" என்றார்.

நான் தலையைத் தூக்கினேன். இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட என்றார். மூக்கும் மூக்கும் இடிக்கப் போகும் தூரம் வந்ததும் அவர் கண் அசையாமல் நின்றது. "இப்பத் தெரியுது" என்றார். காற்று நிரம்பிய கண்ணுக்குத் தூரம் எதுவும் தெரியாது, ஆனால் நாலு விரல் தூரத்தில் இருப்பது பளிச்சென்று தெரியுமாம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பல்லு எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டார்.

"போன மாசமேப்பா."

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. என் பல்லைப் பற்றி அவர் கேட்டதே பெரிய விஷயம்.

அதன் பிறகு அந்தப் பத்து நாளும் அப்பா பேசினார். ஒரு வருஷத்துக்கு உண்டானதைப் பேசினார். கண்ணுக்குள் தெரிவதை எல்லாம் எனக்குச் சொன்னார். குனிந்திருக்கும்போது நடுவில் ஒரு பெரிய வட்டம், அதன் ஓரத்தில் நெளியும் வெளிச்சம். எழுந்து நிமிர்ந்தால் அந்த வட்டம் ஒரு கோடாகப் படுத்துக்கொள்ளும். தலையை ஆட்டினால் அதுவும் வாளித் தண்ணீர் மாதிரி தளும்பும். நாள் போகப் போகக் கோடு கீழே இறங்கியது. கோட்டுக்கு மேலே உலகம் தெளிவாகத் தெரிந்தது, கீழே கலங்கல். நான் தினமும் காலையில் கேட்பேன், "இன்னிக்குக் கோடு எங்கப்பா இருக்கு?" அவர் தன் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி, இதோ இங்கே என்று காட்டுவார். ஒரு மனிதருக்குள் ஒரு குளம் இருப்பதும், அது என் அப்பாவாக இருப்பதும் எனக்குத் தாங்க முடியாத பெருமையாக இருந்தது.

பத்து நாள் முடிந்தது. ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது, இனி நிமிரலாம், காற்று தானாகக் கரைய இன்னும் சில வாரம் ஆகும் என்றார் டாக்டர். மூன்றாவது வாரம் கோடு பாதிக்கு இறங்கிவிட்டது. அப்பா மேல் பாதியால் தொலைக்காட்சி பார்த்தார்.

அப்போதுதான் அத்தை வந்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, இன்னும் அந்தத் தோட்டத்திலேயே இருந்தவள். தம்பி கண்ணுக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். கையோடு ஒரு டப்பா நிறைய நந்தியாவட்டைப் பூவும் கொண்டுவந்திருந்தாள், கண்ணில் வைத்துக் கட்ட. அம்மா டப்பாவை வாங்கிக் குளிர்பெட்டிக்கு மேலே வைத்தாள், யார் கைக்கும் எட்டாதபடி. கண்ணில் மருந்துச் சொட்டைத் தவிர ஒன்றும் படக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. அந்த ஒரு விஷயத்தில் அம்மா யாருக்கும் மசியவில்லை.

ஆனால் கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியுமா? தோட்டத்துக் கோயிலில் அன்று காப்புக் கட்டு. அப்பா வலது கையை நீட்டியபோது அத்தை தடுத்தாள். மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பச்சை பிளாஸ்டிக் பட்டை இருந்தது. "ஆஸ்பத்திரித் தீட்டும் அம்மன் காப்பும் ஒரே கையிலயா தம்பி?" என்றாள். பூசாரியிடம் கத்தரிக்கோல் கேட்டு, தானே பட்டையை வெட்டினாள். அந்தக் கையில் மஞ்சள் கயிறு ஏறியது. வெட்டிய பட்டையை அவள் குப்பையில் போடப் போனபோது நான் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். அதில் GAS என்று பெரிதாக எழுதியிருந்தது. வகுப்பில் காட்ட இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? நூலால் முடிந்து என் கையில் கட்டிக்கொண்டேன். மீதி எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருந்தது. அதை நான் படிக்கவில்லை, யாரும் படிக்கவில்லை. அப்பாவுக்குப் பொடி எழுத்து தெரியாது. அம்மா மருந்துப் புட்டிகளின் நேரத்தை மனப்பாடம் செய்வதிலேயே இருந்தாள். விமானத்தில் ஏறக்கூடாது என்று நர்ஸ் சொன்னது மட்டும் அவளுக்கு ஞாபகம். நாங்கள் எந்த விமானத்தில் ஏறப் போகிறோம் என்று அன்று எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வேன் கொண்டுவந்தார். அம்மாவின் தம்பி, கெந்திங் மலைமேல் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை. வாயைத் திறந்தால் கலகலவென்று பேசுகிறவர்.

"பத்து நாளாத் தரையையே பார்த்த மனுஷன்கா. கொஞ்சம் தூரமாப் பார்க்கட்டும். மேல குளிரு எப்படி இருக்கும் தெரியுமா? கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி லா."

அம்மா யோசித்தாள். எங்கள் வீட்டில் எந்தக் கண் நோய்க்கும் ஒரே காரணம் உடம்புச் சூடு. அப்பாவுக்கு இருபது நாளாக எண்ணெய்க் குளியல் இல்லை, தலைக்குத் தண்ணீர்கூட இல்லை. பார்லித் தண்ணீரும் வெள்ளரிக்காயுமாகக் கொடுத்தும் அவளுக்குத் திருப்தி இல்லை. பூவைக் கண்ணில் வைக்கக்கூடாது, சரி. மலைக் குளிரை யாரும் கண்ணில் பிழிந்து ஊற்றப் போவதில்லையே. நல்லதுதானே என்று கிளம்பினோம். எல்லாம் அன்பினால்தான்.

பத்தாங் காலியிலிருந்து மலைக்குப் பாதை பிரிகிறது. அப்பா நடு வரிசையில் சன்னல் ஓரம், பக்கத்தில் நான். அம்மா முன்னால் மாமாவின் பக்கத்தில். அப்பா உற்சாகமாக இருந்தார். கோட்டுக்கு மேலே வரும் பெயர்ப்பலகைகளை எல்லாம் எனக்குப் படித்துக் காட்டினார். கடைப் பெயர், சாலைப் பெயர், டயர் விளம்பரம். நான் சரி சரி என்று மதிப்பெண் போட்டேன். வளைவுகள் தொடங்கின, மரங்கள் உயர்ந்தன, காது அடைத்தது. எந்த வளைவில் அவர் படிப்பதை நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

புருவத்தை அழுத்திக்கொண்டே வந்தார். தலைவலி என்றார். வளைவுப் பாதைதானே, அப்படித்தான் இருக்கும் என்று அம்மா கோடாலித் தைலத்தை நீட்டினாள். நெற்றியில் தடவிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாப்பா, பனி இறங்கிடுச்சா?"

நான் வெளியே பார்த்தேன். "இல்லப்பா. நல்லா வெயில் அடிக்குது."

"சரி" என்றார்.

இருக்கையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தார். நான் என் கெரோப்போக் பொட்டலத்தை மடியில் எடுத்தேன். இறால் வாசனை அடிக்கும் அந்த அப்பளப் பொட்டலம் கீழே கடையில் வாங்கியபோது தொளதொள என்று இருந்தது. இப்போது தலையணைபோல் உப்பி, பிளாஸ்டிக் இழுத்துக்கொண்டு, குத்தினால் வெடிக்கும் போல நின்றது. நான் அதைத் திறக்கவே இல்லை. யாரும் ஊதவும் இல்லை.

அதைவிட ஆச்சரியமான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "மேல ஏற ஏற வெளிக்காத்து லேசாயிடும் பாப்பா. உள்ள அடைச்ச காத்து உப்பும். எங்க ஸ்டோர்ல எல்லாப் பொட்டலமும் இப்படித்தான்."

நான் பொட்டலத்தை அப்பாவின் கைகளில் வைத்து அமுக்கிக் காட்டினேன். "அப்பா, அப்ப உங்க கண்ணுக்குள்ள இருக்கிற காத்தும் இப்படி உப்புமா?"

பயந்து கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்ல மாட்டாரா என்ற ஆசையில் கேட்டேன். அப்படி மட்டும் இருந்தால் திங்கட்கிழமை வகுப்பில் சொல்ல எவ்வளவு பெரிய சங்கதி.

மாமாவின் சிரிப்பு நின்றது. வேன் ஓரங்கட்டி நின்றது. அம்மா திரும்பினாள்.

"என்னங்க, தெரியுதா உங்களுக்கு?"

"கொஞ்ச நேரமா ஒண்ணும் தெரியல" என்றார் அப்பா.

"ஏன் சொல்லல?"

"பிள்ள ஆசையா வந்துச்சு."

அம்மா இறங்கிவந்து கதவைத் திறந்தாள். அப்போது அவள் கண் என் மணிக்கட்டில் விழுந்தது. பட்டையைப் பிடித்துத் திருப்பி, அதிலிருந்த பொடி மலாய் எழுத்தை விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். கண்ணில் வாயு இருக்கிறது. விமானத்தில் ஏறக்கூடாது. உயரமான மலைப்பகுதிக்குப் போகக்கூடாது. இதைக் கழற்றக்கூடாது. படித்து முடித்து, "தம்பி, இறக்குடா" என்றாள். அவள் குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை. இருந்த ஒரு கண்ணை நாங்களே ஏற்றிக்கொண்டுவந்து கெடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

மாமா பேசாமல் ஓட்டிய ஒரே பயணம் அதுதான். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பாவின் கண்ணுக்கு முன்னால் விரலைக் காட்டிக்கொண்டே இரு என்றாள். நான் காட்டினேன். ஒன்றும் இல்லை. அடுத்த வளைவு, ஒன்றும் இல்லை. அப்பா ஒருமுறை பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்தார். அடுத்த வளைவு. காது 'டப்' என்று திறந்தது.

"வெளிச்சம் வருது" என்றார் அப்பா.

இன்றுவரை எனக்கு அது விளங்கித் தீரவில்லை. கண்ணுக்குள் அடைத்த காற்றுக்கு நாங்கள் எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று தெரிந்திருந்தது. மலை, யாரும் பார்க்காமல், அவர் கண்ணுக்குள் கையைவிட்டு விளக்கை அணைத்தது. நாங்கள் இறங்க இறங்க அதுவே விட்டுக்கொடுத்தது. ஒரு வளைவில் ஏதோ அசைகிறது என்றார். இன்னொன்றில், உன் சட்டை மஞ்சளா என்றார். மரங்கள் குட்டையாகிக் கடைகள் தெரியத் தொடங்கிய இடத்தில் நான் மூன்று விரல் காட்டினேன். மூணு என்றார். நான் கைதட்டினேன். அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்கும் வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கோடாலித் தைலத்தை நீட்டினேன்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு மலாய் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, மாத்திரை கொடுத்து, கடைசியில் மெல்லிய ஊசியால் கொஞ்சம் காற்றை வெளியே எடுத்தார். கண்ணின் அழுத்தம் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஏறியிருந்ததாம். பட்டை எங்கே என்று கேட்டார். நான் கையை நீட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அப்பாவின் காப்புக் கயிற்றைப் பார்த்தார், அதைத் தொடாமல் இடது கையில் புதுப் பட்டையை மாட்டிவிட்டார்.

பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மற்ற மூவரோடும் பேசினார். வெளியே வந்த மாமா, விழித்திரை ஒட்டினபடியேதான் இருக்கு பாப்பா என்றார். எனக்கு அது போதும். கண்ணைக் காப்பாற்றிய கெட்டிக்காரி என்று எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். அத்தை தங்கத் தோடு செய்துபோட்டாள். நான் மறுக்கவில்லை.

அறைக்குள் டாக்டரம்மா வேறொன்றும் சொல்லியிருந்தார். அது எனக்குப் பதினேழு வயதில்தான் தெரியவந்தது. அந்த அரைமணி நேர அழுத்தத்தில் பின்னால் இருக்கும் நரம்பு அடிபட்டுவிட்டது. இப்போது தெரிகிறது, இனி ஓரத்திலிருந்து சுருங்கும், மருந்தால் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாமல் போகலாம், எத்தனை வருஷம் என்று சொல்வதற்கில்லை. பாப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது அப்பாவாம். அவர் கண் எட்டு வருஷம் தாக்குப்பிடித்தது. இப்போது கடையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். அப்பா வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களைக் காலடிச் சத்தத்தில் அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

மலையிலிருந்து இறங்கிய அந்த வருஷம், காற்று முழுக்கக் கரைந்து அப்பா கடையைத் திறந்தபோது, பள்ளி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து, "ஏறி உட்காரு பாப்பா" என்பார். நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்புவார். துணி போர்த்த மாட்டார், கத்தரியும் எடுக்க மாட்டார். முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்ப்பார். நெற்றி, மூக்கு, காது என்று நிதானமாகப் பார்ப்பார். இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது இது நடக்கும்.

எனக்கு அப்போது ஒரே கவலைதான். வகுப்பில் எல்லோரையும்போல நெற்றியில் விழும்படி முன்முடி வளர்த்துக்கொண்டிருந்தேன். முடிவெட்டுகிறவர் ஒரு தலையை இவ்வளவு நேரம் பார்த்தால் எதற்கு என்று எனக்குத் தெரியாதா?

"முன்முடிய வெட்டாதீங்கப்பா."

"வெட்டலம்மா. ஆடாம இரு."

நான் நம்ப மாட்டேன். இரண்டு கையாலும் முன்முடியைப் பொத்திக்கொள்வேன். கூடவே பாதி முகமும் மறைந்துபோகும். அப்பா ஒரு விரலால் என் கைகளை மெல்ல விலக்கிவிட்டு மறுபடி பார்ப்பார். நான் மறுபடி பொத்திக்கொள்வேன்.